அறைக்குப் போன சோறு

ஹாய்ஃபாங் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பாலர் பள்ளியில் லுவா சமையற்காரி. கீரையைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறவன் யார், மீனைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறவள் யார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டீச்சர்கள் கெஞ்சித் தோற்ற பிள்ளையைச் சமையலறை வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். லுவா கொஞ்சவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள். அடுப்பைப் பார்த்தபடியே, "நீ சாப்பிடாதே. அப்பத்தான் எங்க வீட்டு நாய்க்கு நிறைய மிஞ்சும்" என்பாள். பிள்ளை வாயைத் திறந்துவிடும்.

அவள் வீட்டில் நாய் கிடையாது. பதினாறு வயதில் ஒரு மகள் இருந்தாள். பெயர் மியென். அவளிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. "நாய்க்கே போடுங்க, எனக்குப் பசிக்கலை" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. கூடவே கணினி விசைகளைத் தட்டும் சத்தமும்.

லுவா தாய்பிங் பக்கத்து வயல்காட்டில் பிறந்தவள். முழங்கால் சேற்றில் நாற்று நட்டு வளர்ந்தவள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய தொவானைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தாள். சேற்றை விட்டு வந்தாலும் குரலை விட்டு வரவில்லை. வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசிய தொண்டை அது. சந்துக்குள் அவள் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டால் நாலு வீட்டுப் பிள்ளைகள் எழுந்து கை கழுவும். கூப்பிடப்பட்டவள் மட்டும் அசையமாட்டாள்.

தொவான் அதற்கு நேர்மாறு. நாளெல்லாம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, தரைக்கு வந்த பிறகும் பேச்சு வருவதில்லை. ஆனால் அவர் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று வீட்டில் இருந்தது. பாயை விரித்து, வட்டத் தட்டை நடுவில் வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்த பின், வீட்டின் கடைசிப் பிள்ளை ஒவ்வொருவரையும் வரிசைப்படி சாப்பிடச் சொல்ல வேண்டும். பெரியவர் முதலில், அப்புறம் அடுத்தவர். "அப்பா, சாப்பிடுங்க. அம்மா, சாப்பிடுங்க. அண்ணா, சாப்பிடுங்க." அந்த ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்ற வீடுகளில் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். தொவான் அப்படியில்லை. வரிசை முழுதாக வந்து முடியும்வரை சாப்பிடும் குச்சிகளைத் தொடமாட்டார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூத்தவன் பாக் பல வருஷம் அந்த வேலையைப் பார்த்தான். தங்கைக்குப் பேச்சு வந்ததும் பெரிய பாரத்தை இறக்குகிறவன்போல அவளிடம் தள்ளிவிட்டான். மியெனின் மழலையில் வரிசை புரண்டு, "அம்மா, அண்ணா, பூனை" என்று தொடங்கினால், தொவான் அசையாமல் காத்திருப்பார். அவள் திருத்தி, அப்பாவிலிருந்து மறுபடி ஆரம்பித்தால்தான் அந்த வீட்டில் சோறு.

விளையாட்டு எப்போது வந்தது என்று கேட்டால் லுவாவிடம் நேரான பதில் இல்லை. பாலர் பள்ளியில் ஃபோனைக் காட்டிப் பிள்ளைக்கு ஊட்டக் கூடாது என்று ஆயாக்களைக் கடிந்துகொள்கிறவள் அவள்தான். அங்கிருந்து களைத்து வந்து, இரண்டு வயது மியெனின் முன்னால் ஃபோனைச் சாத்திவைத்து ஊட்டியவளும் அவள்தான். பிள்ளை படத்தைப் பார்த்தது, வாய் தானாகத் திறந்தது, கிண்ணம் காலியானது. அப்போது அது பெரிய நிம்மதியாக இருந்தது. பிறகு தொற்றுக் காலத்தில் பள்ளிகளை மூடினார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்திருந்த பாக், பழைய பாகங்களைச் சேர்த்துத் தங்கைக்கு ஒரு கணினி கூட்டிக் கொடுத்தான். பாடம் படிக்கத்தான். பள்ளி திறந்தது. கணினி அறையை விட்டு வெளியே வரவில்லை, மியெனும் வரவில்லை.

அதில் அவள் ஆடியது ஒரு போர் விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், ஒருவர் கோட்டையை ஒருவர் இடிக்க வேண்டும். நடுவில் நிறுத்த முடியாது. அதுதான் லுவாவின் உயிரை வாங்கியது.

"பாதியில எழுந்திருக்க முடியாதும்மா. நாலு பேர் என்னை நம்பி இருக்காங்க."

"இங்க மூணு பேர் உன்னை நம்பிப் பட்டினி கிடக்கிறோம்டி."

தட்டில் நண்டுச்சாறு ஆறி மேலே ஆடை கட்டும். வறுத்த டோஃபு வாடிச் சுருங்கும். தொவான் முழங்காலில் கை வைத்தபடி இருப்பார். லுவாவுக்கு மகள்மேல் வருகிற கோபத்தில் பாதி அவர்மேல் திரும்பும். நீங்களாவது எழுந்துபோய் அந்த ஒயரைப் பிடுங்கக் கூடாதா, இல்லை சாப்பிடவாவது ஆரம்பிக்கக் கூடாதா, நான் காலையில் இருட்டோடு எழுந்தவள் என்று பொரிந்து தள்ளுவாள். அவர், "வருவா" என்பார். அவ்வளவுதான்.

வருவாள். தலை சீவாமல், கண் சிவந்து, ஒரே மூச்சில் மூன்று பேரையும் சாப்பிடச் சொல்லிவிட்டு உட்காருவாள். தொவான் குச்சிகளை எடுப்பார். சண்டை, ஆறின சாறு, முணுமுணுப்பு எல்லாம் இருந்தாலும் தட்டைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

தொவான் அந்த வருஷ வசந்தத்தில் இறந்தார். கூண்டிலிருந்து தாமே இறங்கி வந்து ஏணியடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இறந்தவருக்கு நூறு நாள்வரை வேளாவேளைக்குச் சோறு வைக்க வேண்டும். முன்னறையில் படம், முன்னால் ஊதுபத்திக் கிண்ணம், அதற்கு முன்னால் சின்னத் தட்டு. வீட்டில் என்ன சமைத்தாலும் முதலில் அவருக்கு. லுவா தட்டை வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க, ஆறிடும்" என்பாள். உயிரோடு இருந்தபோது சொன்ன அதே சிடுசிடுப்போடுதான் சொல்வாள். வேறு மாதிரி சொல்ல அவளுக்கு வரவில்லை.

முதல் வாரம் மியென் பாய்க்கு வரவில்லை. பிள்ளைக்குத் துக்கம், போகட்டும் என்று லுவா இன்னொரு சின்னத் தட்டில் சோறெடுத்து அறைக்குள் வைத்தாள். இரண்டாவது வாரமும் வைத்தாள். அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. வேளைக்கு இரண்டு தட்டு. ஒன்று சுவரில் இருக்கிற மனிதருக்கு, மற்றொன்று சுவருக்குப் பின்னால் இருக்கிற பெண்ணுக்கு. இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பதிலும் சொல்வதில்லை. படத்திலிருப்பவராவது கிண்ணத்துக்குள் எலும்பைத் துப்பிவைப்பதில்லை என்று லுவா பள்ளிச் சமையலறையில் சொல்லிச் சலித்துக்கொண்டாள். அவருக்கு நூறாம் நாளோடு நிறுத்திவிடலாம், இவளுக்கு என்றைக்கு நிறுத்துவது என்றும் கேட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நடுவில் வைத்துச் சாப்பிடும் வட்டத் தட்டு ஆணியில் தொங்கியது. லுவா அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டாள்.

கதவைத் திறந்து என்னடி பண்ணுகிறாய் என்று கேட்டால், "உழுதுட்டிருக்கேன்" என்று பதில் வரும். விளையாடுகிற பிள்ளைகளின் பேச்சு அது. தரவரிசையில் மேலே ஏறுவதற்காக ஓயாமல் ஆடுவதற்கு அவர்கள் வைத்த பெயர் உழவு. முதல் தடவை கேட்டபோது லுவா விடவில்லை.

"எங்கப்பா எருமைக்குப் பின்னாடி நடந்து உழுதாரு, நெல்லு வந்துச்சு. நீ நாற்காலியில உட்கார்ந்து உழுது என்னடி வந்துச்சு?"

"வெள்ளியிலிருந்து தங்கத்துக்கு வந்துட்டேன்."

"எங்க, கழுத்துல காட்டு பாப்போம்."

மியென் சிரித்தாள். அந்த ஒரு தடவைதான். உடனே யாரோ அவள் காதுக்குள் கத்தியிருக்க வேண்டும், திரைக்குத் திரும்பிவிட்டாள்.

தொவானின் அக்கா தின், ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு தம்பி படத்தைக் கும்பிட வருவாள். வந்த வேகத்தில் மூடிய கதவைப் பார்ப்பாள். பிறகு லுவாவைப் பார்ப்பாள். பெண்ணுக்கு எதுவோ பிடித்திருக்கிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குறிகாரி இருக்கிறாள், ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டு என்பது அவளுடைய நிரந்தர யோசனை.

"அவளுக்குப் பிடிச்சது விடறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் அக்கா. ஒரே செலவா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள் லுவா.

பாக் நகரத்தின் மறுகோடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். வாரக் கடைசியில் வருவான். அப்பாவின் பேச்சுச் சிக்கனம் அவனுக்கு அப்படியே வந்திருந்தது. அம்மாவின் புலம்பல் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை வீட்டு இணையப் பெட்டியைத் தன் கணினியோடு இணைத்து எதையோ மாற்றினான். சாப்பாட்டு வேளை வந்தால் இணையம் தானே அறுந்துபோகும், முடிந்ததும் தானே வரும்.

"எடை கூடினா லிஃப்ட் கதவு மூடாது. அது யார்கூடவும் சண்டை போடறதில்லை. அது மாதிரிதான்" என்றான்.

லுவாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதை ஒரு பெட்டி சத்தமில்லாமல் செய்யப்போகிறது. மறுநாள் மதியம் ஆசையாக வட்டத் தட்டை ஆணியிலிருந்து இறக்கித் துடைத்து, மூன்று கிண்ணம் வைத்தாள்.

தின் அக்கா படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றிருந்தாள். படத்துக்குப் பக்கத்தில் லுவாவின் ஃபோன். அதிலிருந்து பிக்குகள் புத்தரின் பெயரைச் சொல்லும் ஓதல் வந்துகொண்டிருந்தது. தொவான் இறந்த நாளிலிருந்து மூன்று வேளையும் லுவா அதைப் போட்டுவைப்பாள். வேளை வந்தது. ஓதல் பாதிப் பெயரில் நின்றது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

தின் கண்ணைத் திறந்தாள்.

அறைக்குள் விசைச் சத்தம் நிற்கவில்லை. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். முன்னைவிட வேகமாகக்கூட இருந்தது. பாக் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தான். பக்கத்து வீட்டுப் பையன் மியெனின் அணியில் ஆடுகிறவன். அவன் வீட்டு இணையத்தின் கடவுச்சொல் அவளிடம் எப்போதோ வந்திருந்தது. இந்த வீட்டில் இணையம் இல்லாமல் போனது இறந்தவருக்கு மட்டும்தான்.

"தம்பிக்குப் புத்தர் பேரு போய்ச் சேர்றதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றாள் தின். அதோடு விடவில்லை. எல்லாம் லுவா வளர்த்த லட்சணம் என்பதையும், தம்பி இருந்தவரை இந்த வீட்டுக்கு ஒரு முறை இருந்தது என்பதையும் பழம் நறுக்கி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பாக் மறுபேச்சில்லாமல் பெட்டியைப் பழையபடி மாற்றினான். லுவா மூன்று கிண்ணத்தில் ஒன்றை எடுத்து, சின்னத் தட்டில் வைத்து, அறைக்குக் கொண்டுபோனாள்.

அந்த வாரத்தில் மியெனின் வகுப்பு ஆசிரியை ஃபோன் செய்தார். சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். மியென் மேஜையில் தலை வைத்துத் தூங்குகிறாள், மாலை வகுப்புக்கு வருவதே இல்லை. லுவா நாக்கு வறள மன்னிப்புக் கேட்டாள். ஆசிரியை ஏதோ பயிற்சிக்குப் போய்வந்திருந்தார் போலிருக்கிறது. இப்படி விளையாட்டில் மூழ்கும் பிள்ளைகளின் வீடுகளில் சில விஷயங்கள் பொதுவாக இருக்கின்றன, அதனால் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, "வீட்டுல எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடறீங்களா அம்மா?" என்றார்.

"சாப்பிடறோம், டீச்சர்" என்றாள் லுவா.

ஃபோனை வைத்த பிறகு அந்தக் கேள்வி தொண்டையில் மீன் முள்போல நின்றது. தொழிலே சாப்பிட வைக்கிற தொழில். ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு இறங்குகிறதா என்று பார்த்தே மயிர் நரைத்தவள். அவளைப் பார்த்து அந்தக் கேள்வி. அதைவிடக் கொடுமை, அவள் பொய் சொன்னது. அந்த வாரம் முழுக்கப் பாத்திரங்கள் பலமாகச் சத்தம் போட்டன.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தின் அக்கா வரவில்லை. பாக் பாயில் உட்கார்ந்து அம்மாவின் மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். லுவா கெண்டை மீனை மண்சட்டியில் சுண்ட வைத்திருந்தாள். தொவானின் தட்டை எடுத்துப்போய்ப் படத்தின் முன் வைத்தாள், சாப்பிடக் கூப்பிட்டாள். திரும்பி வந்து மியெனின் தட்டை எடுத்தாள். எடுத்தவள் நடு அறையில் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரே மாதிரித் தட்டு. ஒரே மாதிரிக் கிண்ணம். அதே சோறு, அதே மீன். ஒரு தட்டை வைத்துவிட்டு வந்த கை அடுத்ததை வைக்கப் போகிறது. இந்த வீட்டில் இருந்த இடத்துக்கே சோறு போவது இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் செத்தவர் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் கண்ணில் அறைந்த மாதிரி தெரிந்தது.

தட்டைக் கீழே வைத்தாள். கிண்ணத்தின் ஓரத்தில் கிடந்த இரண்டு குச்சிகளையும் எடுத்து, சோற்றின் நடுவில் செங்குத்தாகக் குத்தினாள்.

பாக்கின் கையிலிருந்த திருப்புளி நின்றது. அந்த ஊரில் நடக்கத் தெரியாத குழந்தைகூடச் சோற்றில் குச்சியை நட்டுவைத்தால் கையில் ஓர் அடி விழும். சவப்பெட்டியின் மேல் வைக்கும் கிண்ணத்தில்தான் குச்சிகள் அப்படி நிற்கும். தொவானின் பெட்டிமேல் அப்படி ஒரு கிண்ணத்தை வைத்தவளும் லுவாதான்.

"அம்மா, வேணாம்" என்றான் பாக்.

"நீ விசிறியைப் பாரு."

அறைக்குள் போய்க் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். போய் எடுத்துவிடலாமா என்று ஒரு மனம். எடுக்கக் கூடாது என்று இன்னொரு மனம். உள்ளே விசைகள் தட்டிக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன.

மியென் வெளியே வந்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது, அதிலிருந்து எங்கே போய்த் தொலைந்தாய் என்று ஒரு பையனின் குரல் சின்னதாகக் கத்திக்கொண்டிருந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள், சாறு நிரம்பிய பாத்திரத்தைக் கொண்டுவருகிறவள்போல.

"அம்மா, மாத்தி வச்சுட்டீங்க. இது அப்பாவோடது."

குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன அம்மா செய்த தவறு என்றே நினைத்திருந்தாள். லுவாவுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த ஒரு தடவையாவது அவள் கத்தியிருக்கலாம்.

"மாத்தலை. உனக்குத்தான். அசையாம கிடக்கிறவங்களுக்குத்தான் இருந்த இடத்துக்குச் சோறு வரும்."

மியென் கிண்ணத்தைப் பார்த்தாள். குச்சிகளைத் தொடவில்லை. கீழேயும் வைக்கவில்லை. ஹெட்போனுக்குள் அந்தப் பையன் தன்பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தான்.

"நான் எப்படி வந்து உட்கார்றது?" என்றாள். "உட்கார்ந்தா நான்தானே சொல்லணும். யாரை முதல்ல சொல்றது?"

லுவாவுக்குப் புரியவில்லை.

"அப்பான்னு ஆரம்பிச்சாத்தான் எனக்கு அடுத்தது வாயில வரும். அவர் இல்லாத இடத்தைப் பார்த்து அப்பா சாப்பிடுங்கன்னு சொல்லட்டுமா? இல்ல, அவரை விட்டுட்டு உங்ககிட்டேயிருந்து ஆரம்பிக்கட்டுமா? அவர் ஒரு நாளும் அப்படிச் சாப்பிட விட்டதில்லையே."

"அதுக்காகவாடி இத்தனை நாளும்?"

"அதுக்காக மட்டும் இல்லை" என்றாள் மியென். பொய் சொல்லவில்லை. "விளையாடப் பிடிக்கும். முன்னாடியும் பிடிக்கும். அங்க யாரையும் வரிசையாக் கூப்பிட வேண்டாம்."

இத்தனை நாள் லுவா அவளிடம் என்னென்னவோ கேட்டிருந்தாள். மூளை இருக்கிறதா, கண் தெரிகிறதா, படிப்பு வேண்டுமா, வெட்கம் இருக்கிறதா. இப்போது அவள் ஒன்று கேட்கிறாள், லுவாவிடம் பதில் இல்லை. பதில் தெரிந்த மனிதர் படத்தில் இருந்தார். எப்போதும்போல வாயைத் திறக்கவில்லை. லுவாவுக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சட்டம் போடத் தெரிந்த மனுஷனுக்கு, தான் போன பிறகு அது எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கத் தெரியவில்லை.

"என்னைக் கேட்டா எனக்கென்னடி தெரியும்? இதுக்கு முன்னாடி எத்தனை புருஷனைப் பறிகொடுத்துப் பழகியிருக்கேன்?" என்று கத்தினாள். சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

பாக் மகனாக ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து விசிறியின் திருகு ஒன்றைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க வேண்டியிருந்தது அவன் கண்ணைத்தான்.

லுவா எழுந்தாள். மகளின் கையிலிருந்த கிண்ணத்திலிருந்து குச்சிகளைப் பிடுங்கித் தன் சட்டையில் துடைத்தாள். அந்தச் சோற்றை யாருக்கும் போட மனம் வராமல் அப்படியே குப்பைக்கு அனுப்பினாள். வாழ்நாளில் அவள் குப்பையில் போட்ட முதல் முழுக் கிண்ணச் சோறு அதுவாகத்தான் இருக்கும். வட்டத் தட்டை இறக்கினாள், மீன் சட்டியை நடுவில் வைத்தாள், கீரையை வைத்தாள். எல்லாவற்றையும் இடிக்கிற மாதிரி வைத்தாள்.

"நான் அவரை எங்க கூப்பிடறேன்? அங்கதானே?" படத்தைக் காட்டினாள். "இனிமே அதை நீ பண்ணு. தட்டை எடுத்துட்டுப் போய் அவரைச் சாப்பிடச் சொல்லு. அதுதான் முதல் ஆளு. அப்புறம் நடந்து வந்து இங்க உட்கார்ந்து மிச்சப் பேரைச் சொல்லு. வரிசை மாறலை. நடுவில பத்தடி நடக்கிறே, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அது சரியாக இருப்பது லுவாவுக்கே தெரிந்தது. கோபத்தில் வந்த வார்த்தை.

மியென் ஹெட்போனைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். அதற்குள் அந்தப் பையனும் ஓய்ந்திருந்தான். படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லுவா எழுந்து போகப் பார்த்தாள், பாக் அவள் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"அப்பா, சாப்பிடுங்க."

திரும்பி நடந்து வந்து பாயில் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். அம்மாவைச் சொன்னாள், அண்ணனைச் சொன்னாள். குச்சிகள் கிண்ணத்தில் படும் சத்தம் மட்டும் கேட்டது. பாதிச் சாப்பாட்டில் மியென் எழுந்து ஓடினாள், அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டதாம். லுவா திட்டினாள். ஆனாலும் பாதிச் சாப்பாடு பாயில் நடந்திருந்தது.

அடுத்த வாரம் லுவா மகனுக்கு ஃபோன் செய்தபோது அவன் எந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்கு மேலேயோ உட்கார்ந்திருந்தான். இரும்புச் சத்தத்துக்கு நடுவே கேட்டான், தங்கை சாப்பிட வருகிறாளா என்று.

வருகிறாள் என்று சொல்ல லுவாவுக்கு வாய் வரவில்லை. அவளிடம் இருந்தது முழுக்கப் புகார்தான். மதியம் வருகிறாள், இரவில் சில நாள் வருவதில்லை. அறைக்குத் தட்டைக் கொண்டுபோக மாட்டேன் என்று லுவா உட்கார்ந்துவிட்டால், மகள் நடுச் சாமத்தில் எழுந்து தானே சட்டியைச் சுரண்டுகிறாள். உழவு ஒன்றும் நிற்கவில்லை, மாலை வகுப்புக்கும் போன பாடில்லை. நேற்று என்ன செய்தாள் தெரியுமா, அந்த ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டே படத்துக்கு முன்னால் போகிறாள்.

"அந்த நாலு பேர்கிட்டேயும் சொல்றாடா, ஒரு நிமிஷம் இருங்க, எங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லிட்டு வரேன்னு. அதுங்களும் இருக்குதுங்களாம். யாரு பெத்த பிள்ளைங்களோ, எங்க வீட்டுச் சோத்துக்கு நாலு ஊர்ல காத்துக் கிடக்குதுங்க."

பாக் சிரித்தான் போலிருந்தது. இல்லை, அது லிஃப்ட் கம்பியின் சத்தமாகவும் இருக்கலாம். நூறாம் நாளுக்கு அப்புறம் என்ன செய்வது என்று கேட்டான்.

"அதை அப்பப் பார்த்துக்கறேன், எனக்கு இன்னைக்குப் பாடே பெரும்பாடா இருக்கு. இன்னைக்கு மதியம் வந்து உட்கார்ந்தா. எல்லாரையும் சொன்னா. அப்புறம் ஒரு வாய் வச்சிட்டு மூஞ்சியைச் சுளிக்கிறா. மீன்ல முள்ளு இருக்காம். முள்ளில்லாத மீன் எந்தக் கடல்லடா இருக்கு? பதினாறு வயசுக் கழுதைக்கு நான் நாளைக்கு உட்கார்ந்து முள்ளெடுத்துட்டு இருக்கணும். வை ஃபோனை, எனக்கு வேலை கிடக்கு."